கண்ட்ரோலில் வெள்ளை வராத காலம்

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்து, அதற்காக என்றைக்கும் வருத்தப்படாத (பட்டிருந்தாலும் வெளியே சொல்லாத) என் அக்கா அஞ்சலைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதப் போய்க் கையை இழுத்துக்கொண்டேன். கடிதம் என்றாலே விரல் அப்படித்தான் ஓடுகிறது. ஆனாலும் நீ நலமாகத்தான் இருப்பாய். பெரியப்பா இன்னும் இங்கேதானே இருக்கிறார்? அவர் வந்து சேரும் வரைக்கும் உனக்கு அங்கே ஒரு தொந்தரவும் இல்லை.

நீ போன பிறகு மெர்டேக்கா வந்தது. நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை வாசலில் ராவுத்தர் முதலாளி கொடி கொடியாகக் கட்டித் தொங்கவிட்டார். ஊரே தெருவில் நின்று கத்தியது. நானும் கத்தினேன். தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் வாடிக்கையாளரிடம் விலை சொல்லக்கூடக் குரல் வரவில்லை. "சுதந்திரம் வந்ததும் முதல் காரியமா உங்க வாயை அடைச்சிருச்சு, நல்ல நாடுதான்" என்றாள் பாக்கியம். என் மனைவியின் தேசபக்தி அந்த அளவில் இருக்கிறது.

இப்போது நீ நம் கடையைப் பார்க்க வேண்டும். மேல்தட்டு வரைக்கும் துணி. நைலான் சேலை வந்திருக்கிறது. மடித்தால் கைக்குட்டை, கட்டினால் கட்டாத மாதிரி. கோயில் தர்மகர்த்தா அதைப் பற்றி ரொம்பவும் குறைப்பட்டுக்கொள்கிறார், ஆனால் கண்ணை எடுப்பதில்லை. யார் எவ்வளவு வேண்டுமானாலும் கிழித்துக்கொண்டு போகலாம். கார்டு கிடையாது, கூப்பன் கிடையாது. ஒரு சுவர் முழுக்க வெள்ளைத் துணி மட்டும் அடுக்கி வைத்திருக்கிறோம். அந்தச் சுவர்ப் பக்கம் நான் அதிகம் போவதில்லை. யாராவது வெள்ளை கேட்டால் எனக்கு அந்த நேரம் பார்த்து ஒரு தும்மல் வரும், உள்ளே போய்விடுவேன்.

பத்திரிகை ஆசிரியர் வாராவாரம் என்னிடம் சிரிப்புக் கட்டுரைதான் கேட்கிறார். இந்த வாரம் இது. சிரிப்பு வருகிற இடத்தில் சிரிக்கட்டும். உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்கிறேனே என்று கோபப்படாதே. படிக்கிறவர்களுக்காகப் பொறுத்துக்கொள்.

பத்து பெரெண்டாம் ஊர்ப் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்த மச்சானை, உன் ராமையாவை, ஜப்பான்காரன் சயாமில் ரயில்பாதை போட லாரியில் ஏற்றினான். நல்ல சம்பளம், சீக்கிரம் திரும்பலாம் என்று சொல்லித்தான் ஏற்றினான். நீ ஒரு மூட்டையோடு மலாக்கா காஜா பெராங்கில் என் பலகை வீட்டுக்கு வந்தாய். "அவரு வர்ற வரைக்கும்தான்டா" என்றாய், வாசலில் நின்றபடியே. உள்ளே வா என்று நான் சொல்வதற்கு முன்பே வாடகை வீட்டுக்குத் தவணை சொல்கிறவள் மாதிரி அதைச் சொன்னாய்.

துணியே கிடைக்காத காலம், இருந்த சேலைகள் கிழிந்தன. கிழிந்ததற்கு ஒட்டுப் போட்டாய், ஒட்டும் கிழிந்தது. கடைசியில் பழைய திரைச்சீலையைக் கட்டிக்கொண்டு திரிந்தாய். நான் அரிசிச் சாக்கில் காற்சட்டை தைத்துப் போட்டேன். பின்பக்கம் ஆலை முத்திரை அப்படியே இருந்தது. எனக்குப் பின்னால் நடந்து வந்தவர்கள், என்னை எந்த ஆலையில் அரைத்தார்கள் என்று தெரிந்துகொண்டார்கள்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். அரிசிக்குக் கார்டு கொடுத்த மாதிரியே துணிக்கும் கார்டு கொடுத்தான். என்ன துணி நெய்ய வேண்டும், எந்த ஊருக்கு எவ்வளவு போக வேண்டும், கஜம் என்ன விலைக்கு விற்க வேண்டும், எல்லாம் சர்க்கார் சொல்லும். விலையைப் பலகையில் எழுதிக் கடை வாசலில் மாட்ட வேண்டும். ராவுத்தர் முதலாளிக்குத் தன் கடையிலேயே தான் விருந்தாளியாகிவிட்ட மாதிரி இருந்தது.

"சீமையில இதைவிட மோசமாம் தம்பி" என்று பேப்பரைப் பார்த்துச் சொல்வார். "சண்டைக் காலத்துல கால்சட்டைக்கு அடியில மடிப்பு வைக்கக் கூடாதுன்னு சட்டமாம். மடிப்பு வச்சவனைப் பிடிச்சு என்ன செய்வான்? நடுத்தெருவுல அவுத்துருவானோ?"

கண்ட்ரோல் ஆபீசிலிருந்து கடைக்குக் கட்டுக் கட்டாகத் துணிப் பேல் வரும். பேலுக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் ஊருக்கு உடை. ஒரு தடவை பச்சையில் மஞ்சள் அன்னாசி போட்ட சீட்டித் துணி வந்தது. அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் காஜா பெராங் முழுக்க அன்னாசித் தோட்டம். சாமி கும்பிட்டுவிட்டு வந்த ஒருவர், தன் மனைவி என்று நினைத்து வேறு ஒரு அன்னாசிக்குப் பின்னால் நெடுந்தூரம் நடந்துவிட்டார். "ஏண்டி இவ்வளவு வேகமாப் போற" என்று கையைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது. பேர் சொல்லமாட்டேன். அவர்தான் இப்போது கோயில் தர்மகர்த்தா.

பக்கத்து வீட்டு மாக் சிந்தாமணி அதே துணியில் கெபாயாச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டாள். அவர்கள் சிட்டிமார், நமக்குப் பல தலைமுறை முன்னாலேயே மலாக்காவுக்கு வந்து, தமிழை மறந்து சாமியை மறக்காதவர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நீயும் ஒரே அன்னாசியில் நின்று, அவள் மலாயில் கேட்க நீ தமிழில் பதில் சொல்ல, ஒரு குறையும் இல்லாமல் மத்தியானம் முழுக்கப் பேசுவீர்கள். என்னதான் பேசினீர்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த அன்னாசிக் காலத்தில்தான் சடையன் வந்தான். மச்சானோடு ஒரே லாரியில் சயாமுக்குப் போன தோட்டத்து ஆள். முதலில் யாரோ கிழவர் என்று நினைத்தேன். என்னைவிட இளையவன். நீ அவனுக்குப் பசியாறக் கொடுத்தாய். சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"ராமையா அண்ணன் போயிட்டாரு அக்கா. வாந்திபேதி. கேம்புல ஒரு கொட்டாயில படுக்க வச்சிருந்தாங்க."

"நீ பாத்தியா?"

"படுத்திருந்ததப் பாத்தேன். மறுநா எங்கள வேற எடத்துக்குத் தள்ளிட்டான். அந்தக் கொட்டாயையே கொளுத்திட்டதா சொன்னாங்க."

"போனதப் பாத்தியா, படுத்ததப் பாத்தியா?"

"படுத்ததத்தான்."

"அப்ப படுத்திருக்காருன்னு சொல்லு" என்று இலையை எடுத்துக்கொண்டு போனாய். சடையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

செய்தி தோட்டத்துக்குப் போனதும் பெரியப்பா கிளம்பி வந்துவிட்டார். நம் அப்பாவின் அண்ணன், பழைய கங்காணி, சர்க்கார் என்ற சொல்லைக் கேட்டால் உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்கிறவர். சாமிக்குச் செய்கிற மரியாதையைச் சடங்குக்கும், சடங்குக்குச் செய்கிற மரியாதையைச் சட்டத்துக்கும் செய்கிறவர்.

"ஏண்டா கோவிந்தா, செத்தவனுக்கு ஒரு காரியம் பண்ண வேணாமா? அவன் ஆவி சயாம் காட்டுல அலையுது. இவ இங்க பொட்டும் பூவுமா பாசாருக்குப் போயிட்டு வர்றா. ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா?"

"என்ன பேசறாங்க பெரியப்பா?"

"நான்தான் பேசறேன்!"

தாலியை இறக்கி, பொட்டை அழித்து, பிறந்த வீட்டுக் கோடியாகத் தம்பி வெள்ளைச் சேலை போட வேண்டும். அப்போதுதான் காரியம் காரியமாகும். அதைத்தான் அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ அம்மியை நிறுத்திவிட்டு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாய்.

"கோடி புதுசாத்தானே இருக்கணும் பெரியப்பா?"

"பின்ன? தண்ணி படாத புதுசு. வெள்ளை. ஒட்டுப் போட்டது ஆகாது."

"சரி. கண்ட்ரோல்ல வெள்ளை வரட்டும். வந்தா வாங்கிக் கட்டிக்கிறேன். வரலேன்னா என்னைக் கேக்காதீங்க, சர்க்காரைப் போய்க் கேளுங்க."

கலர் கலராகச் சீட்டி வந்ததே ஒழிய, அதுவரைக்கும் நம் கடைக்கு வெள்ளையில் ஒரு கைக்குட்டைகூட வந்ததில்லை. இது உனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் நான்தானே வந்து சொல்வேன், இன்றைக்குப் பேலில் என்ன வந்தது என்று.

கள்ள மார்க்கெட்டில் வெள்ளை இருந்தது. பெரியப்பா கடைசியில் அதற்கும் துணிந்தார், ஆனால் சந்தேகம் கேட்காமல் செய்கிறவர் இல்லையே, நேரே கோயில் பண்டாரத்திடம் போனார். பண்டாரம் கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "கள்ளத்தனமா வாங்கின கோடியைப் போட்டா அந்தப் பாவம் நேராச் செத்தவர் தலையில போய் விழுந்துரும் கங்காணி. பாவம், அவரே சயாம்ல ரொம்பக் கஷ்டப்பட்டவரு."

அடுத்த வெள்ளிக்கிழமை பண்டாரத்தின் மனைவி புத்தம் புது அன்னாசி ரவிக்கை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். உன் பங்குத் துணியில் ஒரு ரவிக்கை அளவு குறைந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஆக, மாமன்னரின் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றுதான் மச்சானை உயிரோடு வைத்திருந்தது. ஊரில் எல்லோரும் கண்ட்ரோலைத் திட்டினார்கள். நீ ஒருத்திதான் அதன் ஆயுசுக்கு வேண்டிக்கொண்டாய்.

சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாய். "இன்னைக்கு என்ன கலருடா?"

"ஊதா."

"ம்." அந்த ஒரு 'ம்'மில் அரைமணி நேரம் அடக்கிவைத்த மூச்சு இருக்கும். பிறகு சாதாரணமாகக் கேட்பாய், "ஊதாவா? கருப்பா இருக்கறவங்களுக்கு நல்லா இருக்காதே, பாக்கியத்துக்கு வாங்காதே." பாக்கியம் அடுப்படியிலிருந்து பாத்திரத்தால் பதில் சொல்வாள்.

பேல் உடைக்கிற நாளில் பெரியப்பாவும் தோட்டத்திலிருந்து கடைக்கு வந்துவிடுவார். இரும்புப் பட்டையை வெட்டி, சாக்கைக் கிழிக்கிறபோது நான் ஒரு பக்கம் நின்று வெள்ளையாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன். அவர் இன்னொரு பக்கம் நின்று இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வார். நடுவில் ராவுத்தர் முதலாளி, "யா அல்லா, நல்லா விக்கிற சரக்கா இருக்கணும்" என்று வேண்டிக்கொள்வார். மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டால் கடவுள்தான் என்ன செய்வார்? காக்கி வரும்.

பிறகு ஒருநாள் வெள்ளை வந்தது.

சாக்கைக் கிழித்ததுமே தெரிந்துவிட்டது. மல்லுத்துணி, பேல் முழுக்க. பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். உன்னைக் கூட்டிவரத்தான். கார்டு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் வந்து வாங்க வேண்டும் என்பது சட்டம்.

நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். மாரடைப்பு வந்த மாதிரி நடிப்பாய், ஊருக்கு ஓடிப்போவாய், கார்டைக் கிழித்து அடுப்பில் போடுவாய் என்றெல்லாம் நினைத்தேன். நீ தலைவாரி, பூ வைத்து, பொட்டு வைத்து, கையில் கார்டோடு வந்து வரிசையில் நின்றாய். வந்தால் வாங்கிக் கட்டிக்கிறேன் என்று சொல்லிவிட்டாய் அல்லவா? சொன்ன சொல்லில் நின்றே பழகிய ஜென்மம். அந்தப் பழக்கம் நம் வீட்டில் உன்னோடு முடிந்தது.

அன்றைய வரிசை மாதிரி நான் பார்த்ததே இல்லை அக்கா. சீட்டி வந்தால் சண்டை போடுகிற ஊர், அன்று சத்தமே இல்லாமல் நின்றது. மகன்களை ஜப்பான்காரனிடம் பறிகொடுத்த சீனத்து அம்மாள் துக்க உடைக்காக நின்றாள். சாயம் போன கறுப்பில் ஒரு போர்ச்சுகீசியச் செரானி விதவை, கல்லறைக்குப் போர்த்தவோ எதற்கோ. நம் ஆட்களில் பாதித் தோட்டம். சண்டையில் செத்தவர்களுக்கு யாரும் உருப்படியாக ஒரு துணி போட்டு அனுப்பவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க எல்லோரும் ஒரே பேலுக்கு வந்துவிட்டார்கள். உனக்குப் பின்னால் கிளேபாங்கிலிருந்து வந்த மலாய்க்காரர் ஒருவர். மீன்பிடிக்கிறவர். அன்று காலையில்தான் அவர் தாயார் இறந்திருந்தார்.

உன் முறை வந்தது. நான் கஜக்கோலை எடுத்தேன். முதல் கஜத்தையே திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தேன்.

ராவுத்தர் முதலாளி என் தோளைப் பிடித்து நகர்த்தினார். "நீ தள்ளு தம்பி. நான் அளக்கிறேன்."

பெரியப்பா தன் கார்டையும் சேர்த்து நீட்டினார், ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக முழுச் சேலைக்குத் துணி கிடைக்க வேண்டுமே என்று. அவருடைய வருஷத்துத் துணி முழுக்க அதில் போனது. அந்த மனிதரிடம் அப்போது இருந்தது இரண்டே வேட்டி, இரண்டிலும் வெளிச்சம் தெரியும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

துணியை மடித்து உன் கையில் கொடுத்தார் முதலாளி. அடுத்து மலாய்க்காரர். அவர் கார்டுக்கு உள்ளதை அளந்து கிழித்ததும் அதைக் கையில் விரித்துப் பார்த்தார். "தாக் சுக்குப், தவ்கே" என்றார். போதாது முதலாளி. தாயார் உடலுக்குக் கபன் துணி சுற்ற அது போதாதுதான், முதலாளிக்கும் தெரியும். ஆனால் பக்கத்தில் கண்ட்ரோல் இன்ஸ்பெக்டர் பென்சிலோடு நின்றார். ஒரு சாண் கூட்டிக் கொடுத்தாலும் கடைக்குப் பூட்டு. முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதர் கோபப்படவில்லை. துணியை மறுபடி மறுபடி மடித்துப் பார்த்தார், மடித்தால் நீளுமோ என்பது போல.

நீ கடை வாசலைத் தாண்டி இறங்கி நின்றாய். அவர் இறங்கியதும் உன் கையில் இருந்ததை அப்படியே அவர் கையில் வைத்தாய்.

"ஏய் அஞ்சல! என்னா பண்ற!" என்று பெரியப்பா போட்ட சத்தத்தில் தெருச் சடக்கில் போன சைக்கிள்கள் நின்றன. "கண்ட்ரோல் துணியக் கைமாத்தக் கூடாதுடி! சட்டம்!"

"கடைக்குள்ள கைமாத்தல பெரியப்பா. இது சடக்கு."

"அது கோடிடி! உன் புருசன் கோடி!"

"அவரு தாயாரு செத்துட்டாங்க. வீட்ல கெடக்கறாங்க, போய்ப் பாத்துட்டு வரலாம். என் புருசன் செத்தது சடையன் சொன்ன கதை" என்றாய். "வெள்ளை வந்தா வாங்கிக்கிறேன்னேன். வந்துச்சு. வாங்கினேன். போயிருச்சு."

மலாய்க்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் உன் பொட்டையும் பெரியப்பாவின் முகத்தையும் பார்த்து ஏதோ புரிந்துகொண்டு நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். இன்ஸ்பெக்டர் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். ஏற்கனவே கூராக இருந்த பென்சில்.

அதற்குப் பிறகு வெள்ளை வரவில்லை. பிறகு கண்ட்ரோலே போய்விட்டது. விலைப் பலகையைக் கழற்றிய அன்று ராவுத்தர் முதலாளி கடையில் எல்லோருக்கும் பிரியாணி போட்டார். நான் உனக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்தேன். நீ பிரிக்கவில்லை. "இனிமே எல்லாக் கலரும் வரும்ல?" என்று மட்டும் கேட்டாய்.

வந்தது. பெரியப்பாவும் வந்தார். "இப்ப என்னடா சாக்கு?"

"வெள்ளை தீந்துபோச்சு பெரியப்பா" என்றேன். எனக்குப் பின்னால் தட்டு நிறைய வெள்ளை இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எப்ப வரும்?"

"அடுத்த மாசம்."

பொங்கலுக்கு வருவார், தீபாவளிக்கு வருவார், வெள்ளை இருக்கிறதா என்பார். அந்த வெள்ளைச் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு, இல்லை பெரியப்பா என்பேன். ராவுத்தர் முதலாளி, "பெரியவரே, டீ சொல்லவா?" என்பார். வருஷா வருஷம் இதே நாடகம். நன்றாக நடிக்கிறேன் என்று எனக்குள் பெருமை வேறு.

ஆனால் இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன் அக்கா. நாங்கள் எல்லோரும் சேர்ந்து உனக்கு நல்லதுதான் செய்தோமா?

ஒரு தடவை வேலியோரம் மாக் சிந்தாமணி என்னைக் கூப்பிட்டாள். "காக்கா தாக் பெர்னா நாங்கிஸ், தம்பி" என்றாள். உன் அக்கா ஒருநாளும் அழுததில்லை. கையைத் தன் மார்பில் வைத்துக் காட்டி, "சாக்கிட் சினி" என்றாள். இங்கே நோவாகும் என்று. நான் சிரித்து மழுப்பினேன். அழாத பெண் கிடைப்பது அபூர்வம், வேண்டுமானால் பாக்கியம் அழுவதில் கொஞ்சம் அக்கா கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று ஏதோ சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

சடையன் வந்த அன்று உன்னைத் தலையில் அடித்துக்கொண்டு அழ விட்டிருந்தால், ஒரு பதினாறு நாள் உருண்டு புரண்டு எழுந்திருப்பாயா? வேறு பேச்சுப் பேசியிருப்பாயா? சடக்கில் லாரி நிற்கிற சத்தம் கேட்டால் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வருவதை நிறுத்தியிருப்பாயா? ஒவ்வொரு தடவையும் "உப்பு வாங்க வந்தேன்" என்பாய். நம் வீட்டில் உப்பு ஒருநாளும் தீர்ந்ததில்லை.

கடைசியில் நோவு அங்கேதான் வந்தது, மாக் சிந்தாமணி கை வைத்துக் காட்டிய இடத்தில். ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு பெரிய பேர் சொன்னார்கள். நீ பெயரைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு நீளமா இருக்கு, அவரு வந்தா எப்படிச் சொல்லுவேன்" என்றாய்.

நீ போன மத்தியானம் வீட்டில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. குளிப்பாட்டி நடுவீட்டில் கிடத்தியிருந்தோம். பாக்கியம் குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள். தோட்டத்திலிருந்து வந்த ஒரு கிழவி அவள் கையைத் தட்டிவிட்டாள். "தாலியறுக்காதவன்னா சுமங்கலி ஆயிருவாளா? ஊருக்கே தெரியும் அவன் போனது." இன்னொருத்தி, "காரியம் பண்ணாம எப்படி விதவைன்னு சொல்றது?" என்றாள். பாடை கட்டுகிறவன் மூங்கிலோடு வந்து நின்று, "பூ வைக்கணுமா வேணாமா, சீக்கிரம் சொல்லுங்க" என்றான். உன்னைச் சுற்றி நின்று உன் புருஷனைப் பற்றி ஓட்டு எடுத்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. ஊரைச் சிரிக்க வைக்கிறவன் என்று பேர், உனக்காக ஒரு வார்த்தை வரவில்லை.

பிறந்த வீட்டுக் கோடி நான்தான் எடுக்க வேண்டும். கடை நிறைய எல்லாக் கலரும் இருக்கிறது, தடுக்க ஒரு சர்க்காரும் இல்லை. எந்தக் கலர்?

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவருக்கு இப்போது கண் பாதி தெரிவதில்லை. நாற்காலியில் கைத்தடியை ஊன்றி உட்கார்ந்திருந்தார். எத்தனை வருஷமாகக் காத்திருந்த மனிதர், விடுவாரா என்றுதான் நானும் நினைத்தேன்.

"என்னடா நிக்கற? போ. நல்ல அரக்குச் செவப்பா எடுத்துக்கிட்டு வா."

"பெரியப்பா..."

"என்னா பெரியப்பா? இத்தன வருசமா வெள்ளை இல்ல, வெள்ளை இல்லன்னு சொன்னவன், இன்னைக்கு மட்டும் இருக்குங்கப் போறியா?"

அரக்குச் சிவப்பு எடுத்து வந்தேன். ராவுத்தர் முதலாளியே மடித்துக் கொடுத்தார். உனக்குப் போர்த்தினேன். பாக்கியம் பொட்டு வைத்தாள், பெரிதாக. கிழவி மூக்கைச் சிந்திக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

பிறகுதான் யாரும் நினைத்துப் பார்க்காத இடம் வந்தது. பண்டாரம் வாய்க்கரிசித் தட்டை நீட்டி, வழக்கமான பழக்கத்தில், "சுமங்கலி போறாங்க, மொதல்ல புருசன் போடணும், வாங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தட்டு அந்தரத்தில் நின்றது. அந்தக் கிழவிகூட என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

கைத்தடியைக் கீழே போட்டுவிட்டுப் பெரியப்பா எழுந்தார். தட்டைத் தடவிப் பிடித்து, அரிசியை அள்ளினார்.

"அவன் வர நேரமாகும்" என்றார். "தூரத்துலேருந்து வர்றான். அவனுக்காக நான் போடறேன்."

போட்டார். கை உன் வாயைத் தேடித் தடுமாறியது, நான்தான் பிடித்துக் காட்டினேன். வீட்டில் இருந்த அத்தனை பெண்களும் அப்போதுதான் அழுதார்கள். உனக்கா, மச்சானுக்கா, பெரியப்பாவுக்கா, எனக்குத் தெரியவில்லை. நீ அழாமல் வைத்திருந்தது அத்தனையும் அந்தச் சின்னப் பலகை வீட்டில் ஒரே நேரத்தில் இறங்கிய மாதிரி இருந்தது.

மச்சான் இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும் அக்கா. சடையன் வாயைத் திறப்பதற்கு முன்பே உனக்கும் தெரிந்திருக்கும். நீ அவரை அங்கே பார்த்திருந்தால் சந்தோஷம். ஆனால் என் கனவில் வந்து அதைச் சொல்லாதே. இங்கே அவர் வரும் வழியில் இருக்கிறார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருஷா வருஷம் உன் திதிக்கு இலை போடுவேன், நீ கேட்ட காரத்தில் கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்வேன். ஆனால் ஒரே ஒரு இலைதான். பக்கத்தில் மச்சானுக்கும் ஒன்று போடு என்று யார் வந்து நின்றாலும் போடமாட்டேன். கேட்கிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பெரியப்பா சொல்லிக் கொடுத்துவிட்டார். நேரமாகும், தூரத்திலிருந்து வருகிறார்.

நேற்று கடை மூடி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சடக்கில் ஒரு லாரி நின்றது. நான் வாசலுக்குப் போனேன்.

இப்படிக்கு,
அவர் வருகிற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொள்ளும் உன் கூடப்பிறந்தவன்,
கோவிந்தன்
காஜா பெராங், மலாக்கா